சிங்கப்பூர் – நியூயார்க்: ஒரே மூச்சில் போவதா, நடுவில் இறங்கிப் போவதா?

உலக உருண்டையில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் கிட்டத்தட்ட வடதுருவத்தின் மேலேயே போகும். நீளம் சுமார் 15,350 கி.மீ. இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

ஆனால் நான்-ஸ்டாப் விமானம் பல நாட்களில் அந்த நூல் வழியே போவதில்லை. ஜப்பான் பக்கமாக பசிபிக்கைத் தாண்டிப் போகிறது. 2018 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்தச் சேவையை மறுபடி தொடங்கியபோது சொன்ன தூரம் சுமார் 16,700 கி.மீ. ஏன் இந்தச் சுற்று? காற்றுக்காகத்தான். பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று முதுகில் தள்ளினால், கூடுதல் தூரம் ஒரு பொருட்டே இல்லை. 18 மணி 40 நிமிடத்தில் போய் இறங்கலாம்.

சரி, பிராங்க்ஃபர்ட் வழி? முதல் கட்டம் சுமார் 10,300 கி.மீ., அடுத்தது 6,200. மொத்தம் 16,500. வரைபடக் கணக்கில் நான்-ஸ்டாப் சுற்றி வரும் தூரத்துக்கு ஏறக்குறைய சமம்! ஆனாலும் பயணம் 23, 24 மணி நேரம் ஆகிறது. தரையில் நிற்கும் நேரம் ஒரு பங்குதான். இரண்டு கட்டமும் மேற்கு நோக்கியவை என்பதால் எதிர்காற்று மீதியைத் தின்றுவிடுகிறது. டிக்கெட் தேடும்போது கிலோமீட்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

டோக்கியோ வழி சுமார் 16,200 கி.மீ., துபாய் வழி 16,850. இணைப்பு விமானம் சீக்கிரம் கிடைத்தால் டோக்கியோ வழி பிராங்க்ஃபர்ட்டை முந்திவிடும். காத்திருப்பு நீண்டால் அந்த லாபம் போச்சு.

நான்-ஸ்டாப்பில் ஓடும் ஏ350 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் ரகம்) விமானத்தில் இருப்பதே 161 இருக்கைகள்தான். பிசினஸில் 67, பிரீமியம் எகானமியில் 94. சாதாரண எகானமி கிடையவே கிடையாது. குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கை கடிக்கும். வேலையாகத் தனியாகப் போகிறவர் என்றால் யோசிக்காமல் இதையே எடுக்கலாம். ஒரு முழுத் தூக்கம் கிடைக்கும்.

அம்மாவோடு போனபோது நான் பிராங்க்ஃபர்ட் வழியைத்தான் எடுத்தேன். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்ததில் அவருக்குக் கால் வீங்கி, செருப்பின் வார் பதிந்திருந்தது. கைப்பையோடு இறங்கி, அந்த நீண்ட நடைபாதையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை போய் வந்தார். வீக்கம் கொஞ்சம் வடிந்தது. அப்புறம் அதே விமானம். பெட்டி, கேட் என்று எந்தப் பதற்றமும் இல்லை. நான்-ஸ்டாப்பைவிடக் கூடுதலாகப் போன அந்த ஐந்து மணி நேரம் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

அது கோடைக்காலம். இரண்டு ஊருக்கும் நேர வித்தியாசம் சரியாக 12 மணி நேரம். அம்மா தன் கைக்கடிகாரத்தைத் திருப்பவே இல்லை.