மங்கும் ஹெட்லைட்: பழைய ஒயரிங்கைச் சுத்தம் செய்வதா, ரிலே போடுவதா?

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து மண்சாலையில் ஓடும் பழைய மோரிஸ் மைனர் காரில் ஹெட்லைட் மஞ்சளடித்தால், உடனே பல்பு வாங்க ஓடாதீர்கள். லைட்டை எரியவிட்டு, பேட்டரியிலும் பல்பின் பின்முனையிலும் வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு இடையில் உள்ள ஒயரிங்கில்தான். 10 சதவீத வோல்ட் குறைந்தாலே வெளிச்சத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

சுத்தம் செய்வதற்குச் செலவே இல்லை, உப்புத்தாள் போதும். கருப்பு எர்த் ஒயர் பாடியில் சேரும் இடத்தை இரும்பு பளிச்சிடும்வரை தேய்க்க வேண்டும். ஒயர்களைச் சேர்க்கும் புல்லட் கனெக்டர்களைக் கழற்றினால் பச்சைக் களிம்பு தெரியும். மழை ஈரமும் உரத்தூளும் செய்யும் வேலை. எர்த் கெட்டிருந்தால் எத்தனை ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) போட்டாலும் லைட் மங்கலாகத்தான் எரியும். அதனால் என் ஓட்டு முதலில் இதற்கே.

எர்த் சரியாகியும் சுவிட்சிலோ காலால் மிதிக்கும் டிப் சுவிட்சிலோ வோல்ட் விழுந்தால் ரிலேதான் வழி. இரண்டு 55 வாட் பல்புக்கு 9 ஆம்பியர் அந்தப் பழைய சுவிட்ச் வழியாகவே போகிறது, சூடாகாமல் என்ன செய்யும்? டிப்புக்கு ஒன்று, ஹைபீமுக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். ரிலேயின் முனைகளில் உள்ள எண்கள்படி இணைப்பு இப்படி:

30: பேட்டரியிலிருந்து, 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக, 2.5 சதுர மிமீ ஒயரில்
87: பல்புக்கு
86: டிப்புக்கு நீல-சிவப்பு ஒயர், ஹைபீமுக்கு நீல-வெள்ளை
85: எர்த்

மைனர் பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் சேரும். அதனால் உள்ளே டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு) வைத்த ரிலே வேண்டாம். டைனமோ தருவது 22 ஆம்பியர்தான், ஆகவே 100 வாட் பல்பு ஆசையும் வேண்டாம்.