நீலகிரித் தைலம்: சளிக்கு வாங்கியது, ஸ்டிக்கருக்குத் தீர்கிறது

ஊட்டிக்குப் போகும் நண்பர் ஒருவர், தைலம் வாங்கி வரவா, 100 மில்லியா 500 மில்லியா என்று கேட்டிருக்கிறார். 100 போதும், அதுவும் கண்ணாடிக் குப்பியில் கிடைத்தால் மட்டும். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். மூடி! பிளாஸ்டிக் பாட்டில், அதன் வாயில் ஓட்டை போட்ட ஒரு சின்ன அடைப்பான், அதற்கு மேல் திருகு மூடி. வாங்கும்போது கச்சிதமாகத்தான் இருக்கும். சில மாதத்தில் அடைப்பான் உப்பித் தளர்ந்துபோய், பாட்டிலின் கழுத்தெல்லாம் பிசுபிசுத்து, லேபிள் மை கரைந்து வழிந்து, மருந்து டப்பாவில் பக்கத்தில் இருந்த பேண்டேஜ் வரைக்கும் தைல வாசனை ஏறிவிடுகிறது. கடை மாற்றி வாங்கியும் இதே கதை. யூகலிப்டஸ் இலையைக் கொப்பரையில் போட்டு மணிக்கணக்கில் காய்ச்சி, நீராவியோடு வருவதைக் குளிரவைத்து, தண்ணீர் மேல் மிதக்கும் எண்ணெயைப் பக்குவமாகப் பிரித்தெடுக்கத் தெரிந்த ஊருக்கு ஒரு மூடி போடத் தெரியாதா?

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். இந்தத் தைலம் லேசுப்பட்ட கரைப்பான் இல்லை. தெர்மோகோலைக் கரைக்கும், ரப்பரை உப்பவைக்கும். மூடியைக் கெடுக்கும் இதே குணம்தான் எனக்குக் கிடைத்த பெரிய லாபமும். புது எவர்சில்வர் பாத்திரத்தில் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்தால் பாதி வந்து பாதி கோந்தாக நிற்குமே, அதன் மேல் நாலு சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் துணியால் துடைத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அப்புறம் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட வேண்டும். குளியலறைக் கண்ணாடியில் வருஷக்கணக்கில் ஒட்டி ஒட்டி எடுத்த ஸ்டிக்கர் பொட்டுகளின் கறை மொத்தமும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் காலி. வார்னிஷ் அடித்த மரச்சாமானிலும் பிளாஸ்டிக்கிலும் மட்டும் இந்த வித்தையைக் காட்டாதீர்கள், பளபளப்பும் சேர்ந்து போய்விடும்.

சளிக்கு? ஆவி பிடித்தால் சுகமாகத்தான் இருக்கிறது. இதில் பெரும்பங்கு சினியோல் என்ற பொருள். மருந்துத் தரத் தைலத்தில் 70 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். குளிர்ச்சியை உணரும் நரம்புகளை அது தூண்டிவிடுவதால் மூக்கு திறந்துகொண்ட மாதிரி ஓர் உணர்வு வருகிறது, அடைப்பு முழுசாக விலகியிருக்க வேண்டும் என்றில்லை. தூங்கப் போகும் நேரத்துக்கு எனக்கு அந்த உணர்வே போதும். ஆனால் கைக்குழந்தையின் மூக்கருகிலோ மார்பிலோ தடவவே கூடாது, எந்தப் பாட்டி சொன்னாலும் சரி. குடிக்கவும் கூடாது: குழந்தைகள் ஒரு தேக்கரண்டி விழுங்கினாலே வலிப்பு வரை போகலாம். ஒழுகும் மூடி மேல் எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டில் பூனை இருந்தால் அதற்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கொசுவுக்கு என்று சொல்லி விற்பார்கள், நம்பி வாங்காதீர்கள். கொசு விரட்டி என்று பேர் வாங்கியது எலுமிச்சை வாசனை அடிக்கும் வேறு தைலமரம். ஊட்டியில் காய்ச்சுவது பெரும்பாலும் 1843 வாக்கில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காக நீலகிரிக்குக் கொண்டுவந்த யூகலிப்டஸ் குளோபுலஸ். அந்த மரம் மலையின் தண்ணீரை உறிஞ்சிவிட்டது என்று ஒரு வாக்குவாதம் நெடுநாளாக ஓடுகிறது, அது தனிக் கதை.

கலப்படம் பார்க்க வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விடுங்கள். சுத்தமான தைலம் கறை வைக்காமல் ஆவியாகிவிடும். எண்ணெய்க்கறை நின்றால் சமையல் எண்ணெய் மாதிரி ஏதோ சேர்த்திருக்கிறார்கள். டர்பென்டைன் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் சிக்காது, அதற்கு மூக்குதான் கதி.

மதிப்பெண் என்று கேட்டால் தைலத்துக்கு 5க்கு நாலரை. நேற்றுத்தான் அலமாரித் தட்டில் வழிந்திருந்ததைத் துடைத்தேன், அதனால் மொத்தத்தில் 2. கூட்டிப் பார்த்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.