பிரிக்பீல்ட்ஸ் ஒரு நாள் வியாபார வகுப்பு: 180 மலேசிய வெள்ளிக்குத் தகுமா?

நான் கோலாலம்பூர் செந்தூலில் வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கிறேன். தீபாவளிக்கு மட்டும் என்று தொடங்கியது, இப்போது வாரம் 15 கிலோ. தங்கச்சியின் நச்சரிப்பு தாங்காமல் போன மாதம் துன் சம்பந்தன் சாலைப் பக்கம், ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த வகுப்புக்குப் போனேன்.

9 மணி என்றார்கள், தொடங்கியது 9.50க்கு. பசியாற ஆளுக்கு ஒரு வடை, அதுவும் ஆறியது. காலை முழுக்கக் கனவு காணுங்கள், நம்புங்கள், கைதட்டுங்கள். அதற்கு நான் வீட்டிலேயே மாவு பிசைந்திருப்பேன்.

மதியம்தான் விஷயமே. பயிற்சி கொடுத்த தம்பி, ஷார்க் டேங்க் (புதுத் தொழில்களில் பணக்காரர்கள் முதல் போடும் அமெரிக்க டிவி நிகழ்ச்சி) ராபர்ட் ஹெர்ஜாவெக்கின் கதையை எடுத்தார். கோட்டு போட்ட பணக்காரர் என்றுதான் யூடியூபில் பார்த்திருக்கிறேன். பிறந்தது 1962இல், அன்றைய யூகோஸ்லாவியாவில். கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்துப் பேசி அப்பா சிறைக்குப் போனவர். 1970இல் ஒரு பெட்டியும் 20 டாலருமாகக் குடும்பம் கனடாவில் இறங்கியது. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வாரம் 76 டாலர். ஒருநாள் பையன் பள்ளி விட்டு வந்தால், அம்மா வாசலுக்கு வந்தவனின் பேச்சில் மயங்கி 500 டாலருக்கு வேக்கம் கிளீனர் வாங்கி வைத்திருக்கிறார். ஏறக்குறைய ஏழு வாரச் சம்பளம்! என் அம்மா தவணைக்காரரிடம் வாங்கிய சட்டிகளை அப்பாவுக்குத் தெரியாமல் அலமாரிக்கு மேல் ஒளித்தது ஞாபகம் வந்துவிட்டது.

வளர்ந்ததும் ராபர்ட், கணினி நிறுவனத்தில் ஆறு மாதம் சம்பளமே வேண்டாம் என்று நுழைந்தவர், இரவில் உணவகத்தில் பரிமாறினாராம். அப்புறம் அந்த வேலையும் போய், 1990இல் வீட்டு அடித்தளத்தில் சொந்த நிறுவனம் தொடங்கி, 2000இல் விற்றார். டிவி எல்லாம் பிறகுதான்: 2006இல் அதே மாதிரி நிகழ்ச்சியான கனடாவின் டிராகன்ஸ் டென், 2009இல் ஷார்க் டேங்க்.

கதை சொன்ன தம்பி சட்டென்று என் பக்கம் திரும்பினார். "அக்கா, முறுக்கு ஒரு கிலோவுக்கு அடக்கம் எவ்வளவு?"

மாவு, எண்ணெய், பாக்கெட் எல்லாம் சொன்னேன்.

"கேஸ்?"

விழித்தேன்.

"உங்க கூலி?"

22 வெள்ளிக்கு விற்கிறேன். கேஸையும் சேர்த்து அவர் பலகையில் கூட்டினால் கையில் நிற்பது 6 வெள்ளி. என் கூலியைப் போட்டால் நஷ்டம். நாலு வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தேனா?

வேக்கம் கிளீனர் கதை சொன்ன அதே தம்பி, 5 மணிக்குக் கதவருகே நின்றுகொண்டார். 2,800 வெள்ளிக்கு அடுத்த கட்ட வகுப்பாம், இன்றே கார்டு தேய்த்தால் 500 வெள்ளி கழிவாம். "தம்பி, அந்த மெஷினைத்தானே நீங்களும் விக்கிறீங்க?" என்றேன். சிரித்தார். பாரத்தை நீட்டிய கையை மட்டும் மடக்கவில்லை.

சரி, அந்த மதியத்துக்காக 180 வெள்ளி கொடுக்கலாம். காரில் போகாதீர்கள், பார்க்கிங் கிடைக்காது, கொமுட்டர் ரயிலில் வந்து கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்துவிடலாம். கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். முறுக்கு இந்த வாரத்திலிருந்து கிலோ 26. இரண்டு பேர் முனகினார்கள், வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.