பங்குனி, சித்திரையில் சின்னப் படகு: வடகடலா, தென்கடலா?

ராமேஸ்வரம் போகிற வழியில் உள்ள மண்டபம் ஊரில் குடியிருப்பவர்களுக்கு இரண்டு கடலும் நடை தூரம்தான். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. பதினெட்டடி பைபர் படகும் சின்னதாக ஒரு அவுட்போர்டு என்ஜினும் வைத்துக்கொண்டு தூண்டில் போடப் போகிறவர்களுக்கு, வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, அடங்கியதும் வரும் முதல் கேள்வி படகை எந்தக் கரையில் போடுவது என்பதுதான். நானும் மச்சானும் பங்கு போட்டு வாங்கிய படகை இரண்டு கரையிலும் வைத்துப் பார்த்தாயிற்று. இப்போது வடகரையில் கிடக்கிறது. ஐப்பசி வரை அங்கிருந்து அசைப்பதாக இல்லை.

மீனை மட்டும் பார்த்தால் தென்கடல்தான், அதில் வாதாட ஒன்றுமில்லை. பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, உள்ள கடல் அது. கலவா, விளமீன், பாரை என்று கையை இழுக்கிற மீன் கிடைக்கும், கொஞ்சம் வெளியே போனால் சீலாவும் உண்டு. வடகடல் ஆழம் குறைந்தது, பெரும்பாலும் 13 மீட்டரைத் தாண்டாது. அடியில் சேறு, மணல், கடற்புல். ஓரா, கிழங்கான், நகரை, முரல், நேரம் நன்றாக இருந்தால் கணவாய். வீட்டுக் குழம்புக்குக் குறைவராது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுக்கொள்கிற மீன்தான் வேண்டும் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், தென்கரைக்கே போய்விடுங்கள். ஒன்று மட்டும்: ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. நல்ல பார் எல்லாம் அந்தத் தீவுகளை ஒட்டித்தான் இருக்கிறது, அங்கே படகை விட்டால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

விசைப்படகுத் தடைக்காலம் இரண்டு கடலுக்கும் பொது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நம்மைப் போன்ற சின்னப் படகுகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இழுவலை ஓயும்போது வித்தியாசம் வடகடலில்தான் கூடுதலாகத் தெரிகிறது. ஆழம் குறைந்த கடல், வலை அடியைக் கிளறுவது நின்றதும் தண்ணீர் தெளிகிறது, தூண்டிலில் மீன் எடுப்பதும் கூடுகிறது. தடைக்கு முந்தைய வாரங்களில் விசைப்படகு போகாத நாளாகப் பார்த்துப் போனால் போதும்.

சரி, இதெல்லாம் கொசுறு. முடிவு செய்வது படகை இறக்குவதும் ஏற்றுவதும்தான். ஏற்றுவது என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் காலையில் இறக்கும்போது எல்லாக் கடலும் நல்ல கடல்தான்.

பங்குனியில் காற்று ஓய்ந்து இரண்டு பக்கமும் கடல் குளம் மாதிரி கிடக்கும். சித்திரை பாதி ஆனதும் கச்சான் காற்று எழ ஆரம்பிக்கும். விடியலில் இருக்கிற இடம் தெரியாது, வெயில் ஏற ஏற வலுக்கும். தென்மேற்கிலிருந்து வருவதால் நேரே தென்கரையில்தான் அறையும். வடகரைக்கும் அதற்கும் நடுவே நிலம் இருக்கிறது. நாம் கரை திரும்புவது பத்து, பதினொரு மணிக்கு. தென்கரையில் அந்த நேரத்தில் அலை கரையில் மடிந்து விழும். என்ஜினைத் தூக்காமல் வந்தால் புரொப்பல்லர் மணலில் குத்தி, அதைத் தண்டோடு பிடித்திருக்கும் ஷியர் பின் என்ற சின்ன ஊசி உடையும். சீக்கிரமே தூக்கினால் படகு குறுக்கே திரும்பி, பின்பக்கத்தால் தண்ணீரை அள்ளும். சரியான நேரத்தில் தூக்கிவிட்டு, இரண்டு பேர் குதித்து அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, பிடித்து நேராக வைக்க வேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருவருக்கு முட்டி வலி இருந்தால் கதை முடிந்தது.

அதற்கப்புறம் இழுப்பு. தென்கரையில் படகைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வர முடியாது. உருளை வைத்து மணல்மேட்டுக்கு ஏற்றியாக வேண்டும். பனங்கட்டை உருளை போட்டாலும், பிளாஸ்டிக் குழாய் போட்டாலும், நடுவில் ஒருமுறையாவது படகு உருளையை விட்டு இறங்கி மணலில் உராயும். சிப்பித் துண்டும் சங்குத் துண்டும் கலந்த மணல் அது, உப்புத்தாள் தோற்றுப்போகும். ஒரு பருவம் முடிந்து படகைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராவில், அணியத்திலிருந்து மூன்று நான்கு அடிக்கு நிறம் போயிருக்கும். விரலை வைத்துத் தடவினால் முதலில் சுண்ணாம்புப் பொடி மாதிரி ஒட்டும். அதையும் தாண்டிவிட்டால் வெள்ளையாக நூல்நூலாகத் தெரியும், தொட்டால் விரலில் ஏறும். அதுதான் கண்ணாடி இழை. மேலே இருந்த ஜெல்கோட், அதாவது வழவழப்பான வெளிப்பூச்சு, போய்விட்டது என்று அர்த்தம்.

ஜெல்கோட் போன இடத்தில் தண்ணீர் ஊறும். பார்வைக்குப் படகு நன்றாகத்தான் இருக்கும், ஓட்டை இருக்காது, ஆனால் கனம் கூடும். நான்கு பேர் தூக்கியதற்கு ஐந்து பேர் தேவைப்படும். கனம் கூடினால் இழுக்கும்போது உராய்வு கூடும், உராய்வு கூடினால் இன்னும் ஊறும். சரிசெய்ய வேண்டுமானால் நிழலில் கவிழ்த்துப் போட்டு, நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, தேய்த்து, கண்ணாடி இழை மேட் வைத்து ரெசின் பூச வேண்டும். ஈரம் காயாமல் பூசிய ரெசின் அடுத்த பருவமே உரிந்து வரும். காயவிடுகிற நாட்களெல்லாம் பங்குனி, சித்திரையில்தான் விழும், அதாவது கடலுக்குப் போக வேண்டிய நாட்களில். விற்கும்போதும் கையில் காசு வைத்திருப்பவர் என்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து ஏராவைத்தான் பார்ப்பார்.

வடகரையில் இந்த இழுப்பே கிடையாது. படகு முழங்கால் தண்ணீரில் நங்கூரத்தில் கிடக்கும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து போய் ஏறிக்கொள்ளலாம், ஒரே ஆள் போதும். தண்ணீரிலேயே கிடப்பதால் அடியில் பாசியும் கொட்டலசும் (ஓட்டோடு ஒட்டிக்கொள்கிற சின்னக் கடலுயிர்) பிடிக்கும், உண்மைதான். ஆனால் அதற்கு வைத்தியம் கடலே செய்துகொடுக்கிறது. இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை, ஆனாலும் கரை அவ்வளவு தட்டையாக இருப்பதால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வெகுதூரம் உள்வாங்கும். படகு சேற்றில் தரைதட்டிச் சாய்ந்து கிடக்கும்போது மரச்சுரண்டியால் ஒரு பக்கம் சுரண்டிவிடலாம், மறுநாள் அடுத்த பக்கம். இளங்கொட்டலசு சுலபமாக உதிரும். முற்றவிட்டால் உளி கேட்கும்.

அதே உள்வாங்கல்தான் வடகரையின் தொல்லையும். திரும்பி வரும்போது கரை கண்ணுக்கு முன்னால் இருக்கும், தண்ணீர் இருக்காது. கம்பு ஊன்றித் தள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான், இல்லையென்றால் தள்ளியே நங்கூரம் போட்டுவிட்டு மீன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் நடக்க வேண்டும். சோம்பலில் என்ஜினை ஓட்டிக்கொண்டே வந்தால் சேறும் கடற்புல் இலையும் குளிர்விக்கும் தண்ணீர்ப் பாதைக்குள் போகும். பின்னால் பீச்சுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அது மெலிந்து சொட்ட ஆரம்பித்தால் உடனே அணைத்துவிட வேண்டும். வடகரையில் வைத்திருப்பவர்கள் குளிர்விக்கும் தண்ணீரை இறைக்கிற இம்பெல்லர் ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஏராவைப் பழுதுபார்க்கிற செலவோடு பார்த்தால் இது டீக்காசு.

தென்கரைக்கு எதிராக இன்னொன்றும் உண்டு. சித்திரை, வைகாசியில் காற்றே இல்லாத நாளில்கூட, தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ கிளம்பிய நெடிய அலை வந்து கரை ஏறும். கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் கேரளத்துக்கும் தென் தமிழகக் கடலோரத்துக்கும் இதற்காக எச்சரிக்கை விட்டது. மணல்மேட்டில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்த படகை இது இழுத்துக்கொண்டு போகும். பாக் விரிகுடாவுக்குள் அது அந்த வேகத்தில் வந்து சேருவதில்லை.

வடகடலில் எனக்குப் பயம் என்றால் ஒன்றே ஒன்றுதான். கச்சானில் வடகரையிலிருந்து கிளம்புவது ரொம்ப சுகம், காற்று முதுகில் இருக்கும். என்ஜின் நின்றால் அதே காற்று கரைக்குக் கொண்டுவராது, வடகிழக்கே இலங்கையோடு உள்ள கடல் எல்லைக்கோட்டுப் பக்கம் தள்ளும். தென்கடலில் என்ஜின் நின்றால் எப்படியும் நம் கரையில்தான் ஒதுங்குவோம், உடைந்தாவது. அதனால் வடகடலில் நான் கரையில் உள்ள தென்னைகள் தெரிகிற தூரத்தைத் தாண்டுவதில்லை. துடுப்பு எப்போதும் படகில் இருக்கும், நங்கூரக் கயிறு ஐம்பது மீட்டர். ஆழமில்லாத கடல் என்பதால் எங்கே நின்றாலும் நங்கூரம் அடியைப் பிடிக்கும் என்பது இங்கே பெரிய ஆறுதல்.

தென்கரையிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. மண்டபத்துக்குத் தெற்கே முயல்தீவு, மணோலித் தீவுகள் அலையை மறித்து நிற்பதால் அவற்றுக்கு உள்பக்கம் கச்சானிலும் சமாளிக்கலாம். வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் என் படகு போனதில்லை, அந்தக் கரைக்கு இந்தக் கணக்கை அப்படியே வைக்க மாட்டேன். தோள் கொடுக்க ஐந்தாறு பேர் தினமும் கரையில் நிற்கிற ஊர்க்காரர் என்றாலும் கணக்கு மாறும். சனி, ஞாயிறு மட்டும் போகிற, கூட ஒரு ஆள்கூட நிச்சயமில்லாத என்னைப் போன்றவர்களுக்குத்தான் வடகரை.

வாடை திரும்பியதும் எல்லாம் தலைகீழ். அப்போது அடி வாங்குவது வடகரை, தென்கடல் அடங்கியிருக்கும். தொழில்காரர்கள் அப்படித்தான் பருவத்துக்குப் பருவம் கரை மாறுகிறார்கள். பாம்பன் பாலத்துக்குக் கீழே ஓட்டிக்கொண்டு போகலாம் என்கிறான் மச்சான். அங்கே ஓடுகிற நீரோட்டத்துக்கு எங்கள் என்ஜின் போதாது என்பது என் கட்சி, மினி லாரிதான் சரி. வாடகை பாதிப்பாதி என்றால் அவனும் ஒத்துக்கொள்வான்.