பார்மசி படிப்புக்கு முந்தைய கோடை: வேலையா, ஓய்வா, முன்கூட்டிய படிப்பா?

சேர்க்கை உறுதியான நாளுக்கும் முதல் வகுப்புக்கும் இடையே பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் கிடைக்கின்றன. அந்தக் காலத்தை எப்படிக் கழிப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு யோசனை வருகிறது. மருந்துக்கடையில் முழுநேர வேலைக்குச் சேர்ந்துவிடு என்கிறார் ஒருவர்; இனி ஓய்வே கிடைக்காது, இப்போதே தூங்கிக்கொள் என்கிறார் இன்னொருவர்; முதல் பருவப் பாடங்களை இப்போதே படித்து முடித்துவிடு என்கிறார் மூன்றாமவர். மூன்று பேரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எது மேல் என்று முடிவு செய்ய ஓர் அளவுகோல் வேண்டும். வகுப்பு தொடங்கி இரண்டாவது மாதம், முதல் தேர்வுகள் நெருங்கும் வாரத்தில், அந்தக் கோடையிலிருந்து கையில் எஞ்சியிருப்பது எது என்பதையே நான் அளவுகோலாக வைக்கிறேன்.

முதலில் மருந்துக்கடை வேலையை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மூன்றிலும் அதிகம் தருவதும் அதிகம் எடுத்துக்கொள்வதும் அதுதான். புத்தகத்தில் ஒரு மருந்து ஒரு பத்தியாக இருக்கிறது. கடையில் அதே மருந்து ஒரு பெட்டியாக, ஒரு நிறமாக, அதைக் கேட்டு வரும் ஒரு மனிதராக இருக்கிறது. ராமிப்ரில் என்ற இரத்த அழுத்த மருந்தின் பெயரை நூறு முறை எழுதிப் பார்ப்பதைவிட, அதைச் சாப்பிடத் தொடங்கியதிலிருந்து வறட்டு இருமல் நிற்கவில்லை என்று ஒருவர் கவுண்டரில் நின்று சொல்வதையும், மருந்தாளுநர் உடனே அவருடைய மருந்துச்சீட்டைத் திரும்ப வாங்கிப் பார்ப்பதையும் ஒரு முறை கண்டால் போதும். ‘ப்ரில்’ என்று முடியும் மருந்துகளின் பக்கவிளைவை அந்த மாணவர் எந்தத் தேர்விலும் மறக்கமாட்டார். இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைக்க வேண்டும், ஆனால் உறையவிடக் கூடாது என்ற விதி, தினமும் காலையில் குளிர்பெட்டியின் வெப்பமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதும் கைக்குத் தானாகவே பழகிவிடுகிறது. ஹைட்ராக்சிசின் ஒவ்வாமைக்கும் அரிப்புக்கும் தரப்படுவது, ஹைட்ரலசின் இரத்த அழுத்தத்துக்குத் தரப்படுவது. இரண்டு பெயர்களும் எவ்வளவு எளிதில் ஒன்றுக்கொன்று மாறிப் போகும் என்பது அலமாரியின் முன்னால் நின்று அவற்றைத் தேடியவருக்குத்தான் உறைக்கும்.

இன்னொன்றும் உண்டு. மாத்திரைகளை உதிரியாக எண்ணிக் கொடுக்கும் கடைகளில், எண்ணும் தட்டில் அவற்றைக் கொட்டி, தட்டையான சிறு கத்தியால் ஐந்தைந்தாக ஓரத்துக்குத் தள்ளுவார்கள். முதல் நாளில் அது மிகவும் மெதுவாக நடக்கும். யாராவது பேச்சுக் கொடுத்தால் கணக்கு விட்டுப்போகும். சில வாரங்களில் கை தானாகத் தள்ளும், கண் மட்டும் மாத்திரையின் நிறத்தையும் அதில் பதித்திருக்கும் குறியையும் பார்த்துக்கொண்டிருக்கும். இப்படி அவசரத்துக்கு நடுவிலும் கவனம் சிதறாமல் இருக்கக் கற்பது வகுப்பறையில் எளிதில் கிடைக்காத பயிற்சி. மருந்தைச் சரிபார்த்துக் கொடுக்கும் பொறுப்பு பதிவுபெற்ற மருந்தாளுநருடையது என்பதையும், உதவியாளராக நிற்பதற்கே பல இடங்களில் தனிப் பதிவோ பயிற்சியோ தேவை என்பதையும் வேலையில் சேரும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் கோடை முழுவதும் அங்கேயே நின்றுவிடலாமே என்று தோன்றும். நான் அதைத்தான் செய்தேன், அதற்கான விலையையும் கொடுத்தேன். வாரத்துக்கு ஆறு நாள், பெரும்பாலும் மாலை ஷிப்ட். இரவு பத்து மணிக்கு மேல் வீடு திரும்பி, கால் வலி அடங்கித் தூங்கும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு வரை வேலை பார்த்தேன். முதல் மாதத்தில் பாடம் கடினமாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. காலை வகுப்பில் உட்கார்ந்த இடத்திலேயே கண் செருகியதுதான் நினைவில் இருக்கிறது. கடையில் கற்றதில் பாதியாவது அந்த மாதத்தில் எனக்கு உதவியிருக்க வேண்டும். களைப்பு அதை உதவ விடவில்லை. மேலும், முழுநேர வேலையில் மூன்றாவது மாதம் புதிதாகச் சொல்லித் தருவது மிகக் குறைவு: முதல் நான்கைந்து வாரங்களில் ஏராளமாகக் கற்கிறோம், அதன்பின் பெரும்பாலும் கற்றதையே திரும்பச் செய்கிறோம். களைப்போ வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகிறது.

முழு ஓய்வு என்ற யோசனைக்கு வருவோம். ஓய்வு சோம்பல் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். நுழைவுத் தேர்வு, விண்ணப்பம், நேர்காணல் என்று ஓராண்டு ஓடியவருக்கு ஓய்வு மருந்துக்குச் சமம். ஆனால் அதைச் சேமித்து வைக்க முடியாது. விடுமுறைகளைப் பற்றி ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, விடுமுறை தரும் புத்துணர்ச்சி வேலைக்குத் திரும்பிய சில வாரங்களிலேயே கரைந்துவிடுகிறது என்பதுதான். அப்படியென்றால் மூன்று மாதம் ஓய்வெடுத்தவர், மூன்று வாரம் ஓய்வெடுத்தவரைவிட நான்கு மடங்கு தெம்போடு இரண்டாவது மாதத்தைச் சந்திக்கப்போவதில்லை. ஓய்வைப் பொறுத்தவரை அதன் நீளத்தைவிட, அது எங்கே வைக்கப்படுகிறது என்பதே முக்கியம்: வகுப்பு தொடங்கும் நாளை ஒட்டி வரும் ஓய்வுக்குத்தான் மதிப்பு அதிகம்.

எந்தக் கட்டுப்பாடும் இல்லாத நீண்ட ஓய்வில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தூங்கும் நேரம் சிறிது சிறிதாகப் பின்னிரவுக்கு நகர்ந்துவிடுகிறது. விடியற்காலை மூன்று மணிக்குத் தூங்கிப் பகல் பதினொரு மணிக்கு எழுபவர் எட்டு மணி நேரம் தூங்குகிறார் என்பது உண்மையே. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை என்ற பரிந்துரையையும் அது நிறைவேற்றுகிறது. ஆனால் எட்டு மணிக்குத் தொடங்கும் வகுப்புக்கு அந்த உடல் தயாராக இல்லை. உடலின் கடிகாரத்தை ஓர் இரவில் திருப்பி வைக்க முடியாது. நாளுக்குக் கொஞ்சமாக, காலை வெளிச்சத்தின் துணையோடுதான் அதை இழுத்து வர முடியும்.

முன்கூட்டியே படிப்பது பார்வைக்கு மிகவும் பொறுப்பான வழியாகத் தெரிகிறது. மூன்றிலும் பலவீனமானது அதுதான் என்பது என் கருத்து. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்விலிருந்தே தெரிந்த செய்தி இது: பொருள் புரியாமல் மனப்பாடம் செய்தது முதல் சில நாட்களிலேயே பெருமளவு மறந்துபோகிறது, திரும்பத் திரும்ப இடைவெளிவிட்டுப் பார்த்தால்தான் தங்குகிறது. உடலியங்கியல் தெரியாமல் மருந்துகளின் பட்டியலை நெட்டுருப் போடுவது ஏறக்குறைய அந்த வகைப் படிப்புதான். ஆசிரியர் எந்த வரிசையில், எந்த ஆழத்தில் நடத்துவார் என்பதும் முன்பே தெரிவதில்லை.

இதற்கு இரண்டு விதிவிலக்குகளைச் சொல்ல வேண்டும். ஒன்று பெயர்களின் ஈறு. உலக சுகாதார நிறுவனத்தின் மருந்துப் பொதுப்பெயர் முறை 1953 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரே குடும்பத்து மருந்துகளுக்கு ஒரே பகுதி பெயரில் வருகிறது. அட்டெனோலால், மெட்டோப்ரோலால் என்பவற்றின் ‘ஓலால்’, லோசார்டன், டெல்மிசார்டன் என்பவற்றின் ‘சார்டன்’ போல ஒரு பதினைந்து ஈறுகள் தெரிந்தால், முன்பின் கேள்விப்படாத பெயரும் பாதி புரிந்துவிடும். மற்றொன்று கணக்கு. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாரசிட்டமால் என்றால் 180 மில்லிகிராம். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள திரவமாக இருந்தால் 7.5 மில்லிலிட்டர்; அதே அளவில் 250 மில்லிகிராம் உள்ளதாக இருந்தால் 3.6 மில்லிலிட்டர். புட்டியை மாற்றிப் பார்த்து, 250 மில்லிகிராம் திரவத்தில் 7.5 மில்லிலிட்டர் கொடுத்துவிட்டால் குழந்தைக்குப் போவது இரு மடங்குக்கும் சற்று மேல். பள்ளிக் கணக்குதான் என்றாலும், தடுமாறாமல் போடும் அளவுக்கு அதைப் பழகிக்கொள்வது எந்தக் கோடையிலும் வீண்போகாது. நாளுக்கு இருபது நிமிடம் போதும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது என் தேர்வு, வாரத்துக்கு மூன்று நாள் மருந்துக்கடை வேலை, அதுவும் வகுப்புக்கு மூன்று வாரம் முன்பே முடிந்துவிடும் வேலை. ‘முடியும் வரை பார்க்கிறேன்’ என்று சொல்லிச் சேர்ந்தால் அது முடியாது. விடுப்பில் போனவருக்குப் பதிலாக ஒரு நாள், மாதக் கடைசி நெரிசலுக்கு இரண்டு நாள் என்று அது கடைசி வாரம் வரை நீளும். ஆகவே சேரும் அன்றே கடைசி நாளின் தேதியைச் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். முடிந்தவரை காலை ஷிப்ட்டைக் கேட்டுப் பெற வேண்டும், ஏனென்றால் வகுப்பு நேரத்துக்கு உடலைப் பழக்கும் வேலையையும் அதுவே செய்துவிடும். மருந்துக்கடையில் இடம் கிடைக்காவிட்டால் வேறு வேலையும் தவறில்லை. மக்களோடு முகம் பார்த்துப் பேசும் வேலையாக இருந்தால் நல்லது.

பணத்துக்காக முழுநேர வேலையைத் தவிர்க்கவே முடியாதவர்கள் இருக்கிறார்கள். குடும்பச் செலவையோ கல்விக் கட்டணத்தையோ சுமக்கும் ஒருவரிடம் மூன்று வாரம் சும்மா இருங்கள் என்று சொல்வது நியாயமாகாது. அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டுதான்: வாரத்தில் ஒரு நாளை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்; கடைசியாக வாங்கும் ஊதியத்தில் ஒரே ஒரு வாரத்தையாவது கழித்துவிட்டு, வகுப்புக்கு முந்தைய அந்த ஏழு நாட்களை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகும் நாட்களில் சட்டைப்பையில் ஒரு சிறிய குறிப்பேடு இருக்கட்டும். ஒரு ஷிப்ட்டுக்கு மூன்று மருந்துகள்: பெயர், அதன் ஈறு, அதைக் கொடுக்கும்போது மருந்தாளுநர் சொன்ன ஒரு வாக்கியம். ‘வெறும் வயிற்றில்’, ‘பாலுடன் வேண்டாம்’, ‘பாதியில் நிறுத்தாதீர்கள்’ என்று அது நிறைந்துகொண்டே வரும். நோயாளியின் பெயரோ வேறு விவரமோ அதில் ஏறக் கூடாது. கடைசி நாள் வேலை முடிந்ததும் அதை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, முதல் பார்மகாலஜி (மருந்தியல்) வகுப்புக்குக் கிளம்பும் காலையில் வெளியே எடுங்கள்.