வகயாமா ஸ்டேஷன் அருகே ஒரு பிசினஸ் ஹோட்டல்: ஆறு இரவுகள் தங்கியதில் தெரிந்துகொண்டவை

திருப்பூரில் காலர் நிட்டிங் தொழிலில் இருப்பவர்களுக்கு ஜப்பானில் உள்ள வகயாமா என்ற ஊரின் பெயர் புதிதல்ல. நூலைத் தட்டையான துணியாகப் பின்னும் கம்ப்யூட்டர் ஃபிளாட் நிட்டிங் மெஷின்களுக்குப் பேர்போன ஷிமா செய்கி நிறுவனம் 1962இல் தொடங்கியதும் இன்றுவரை இயங்குவதும் அந்த ஊரில்தான். மெஷின் பார்ப்பதற்காக நானும் என் மச்சினனும் கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்தில் இறங்கி, ஜே.ஆர். ரயில் நிறுவனத்தின் வகயாமா ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிட நடைத் தொலைவில் உள்ள ஒரு சிறிய பிசினஸ் ஹோட்டலில் ஆறு இரவுகள் தங்கினோம். ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு, வரியும் காலை உணவும் சேர்த்து 7,200 யென் கொடுத்தோம். நம் பணத்தில் நாலாயிரத்துச் சொச்சம்.

அந்த ஊரில் வகயாமா என்று ஒரு ஸ்டேஷனும் வகயாமாஷி என்று இன்னொரு ஸ்டேஷனும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் ரயில் பாதையில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் தூரம். அறை பதிவு செய்யும்போதே எந்த ஸ்டேஷன் என்று பார்த்துக்கொள்ளாவிட்டால், பெட்டியை இழுத்துக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

இரவு விமானத்தில் போய்க் காலை பத்து மணிக்கே ஹோட்டலுக்கு வந்துவிட்டோம். ஆனால் மூன்று மணிக்கு முன்னால் அறை கிடையாது என்பது அங்கே அசையாத விதி. அறைகள் காலியாகவே இருந்தாலும் கொடுக்க மாட்டார்கள். கூடுதல் பணம் தருவதாகச் சொன்னதற்கும் மிகப் பணிவாக மறுத்துவிட்டார்கள். பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டை நகலெடுத்துக்கொண்டு, எங்களை அனுப்பி வைத்தார்கள். உறக்கமில்லாமல் வந்தவர்களுக்கு இது உண்மையிலேயே சிரமம். நள்ளிரவுப் பயணத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்த ஐந்து மணி நேரத்துக்கு ஒரு வேலையை முன்கூட்டியே வைத்துக்கொள்வது நல்லது.

அறையின் பரப்பு பன்னிரண்டு சதுர மீட்டர். கதவைத் திறந்ததும் என் மச்சினன் தன் அறை வாசலிலேயே நின்று, "பொட்டிய எங்கீங்க மாமா விரிச்சு வெக்கறது?" என்று கேட்டார். கட்டிலுக்கும் மேசைக்கும் இடையில் ஒரு ஆள் நடக்கத்தான் இடம் உண்டு. பெட்டியைக் கட்டிலின் கீழ் தள்ளிவிட வேண்டும். அதற்காகவே கட்டிலை உயர்த்திப் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் ஒரு சாண்தான் திறக்கும். எனக்கு வாய்த்த ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர் இருந்தது. ஏ.சி. கட்டடம் முழுவதற்கும் பொதுவானது என்பதால், அந்தப் பருவத்துக்குக் குளிர் என்றால் குளிர், சூடு என்றால் சூடு. நாமாக மாற்ற முடியாது.

ஆனால் இந்தச் சிறிய அறையில் எதைக் குறைத்திருக்கிறார்கள், எதைக் குறைக்கவில்லை என்பதுதான் நான் ஆறு நாளும் கவனித்த விஷயம். இடத்தைக் குறைத்திருக்கிறார்கள். ஆட்களைக் குறைத்திருக்கிறார்கள்: பெட்டி தூக்கவோ அறைக்குச் சாப்பாடு கொண்டுவரவோ யாரும் இல்லை. உறக்கத்திலும் குளியலிலும் சுத்தத்திலும் கை வைக்கவே இல்லை. மெத்தை நன்றாக விறைப்பாக இருந்தது. திரையை இழுத்துவிட்டால் பகலிலும் அறை இருட்டாகிவிடும். நம் ஊரில் வியாபாரிகள் தங்கும் பல லாட்ஜுகளில் அறை விசாலமாகவே இருக்கும். கிரானைட் தரையும் பெரிய டி.வி.யும் இருக்கும், ஆனால் பக்கெட்டின் அடியில் பாசி படிந்திருக்கும், துண்டைத் தொட்டால் முகம் துடைக்க மனம் வராது. செலவைக் குறைக்க வேண்டியதுதான். ஆனால் வந்தவன் உடம்பில் படுகிற பொருளில் குறைக்கக் கூடாது என்று அங்கே தங்கியபோது உறுதியாகத் தோன்றியது.

குளியலறை தனியாகச் சொல்ல வேண்டியது. தரை, சுவர், தொட்டி, கழிப்பறை எல்லாம் சேர்த்துத் தொழிற்சாலையிலேயே பெட்டிபோலச் செய்து கொண்டுவந்து பொருத்துவது அது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிற்காக நியூ ஓட்டானி ஹோட்டலை அவசரமாகக் கட்டியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகளுக்கு டோட்டோ நிறுவனம் உருவாக்கிய முறை அது. அறைத் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருப்பதால் முதல் இரவு கால் தடுக்கும். கவனமாக இருக்க வேண்டும். முகம் கழுவும் பேசினுக்கும் தொட்டிக்கும் குழாய் ஒன்றேதான். இந்தப் பக்கம் திருப்பினால் பேசின், அந்தப் பக்கம் திருப்பினால் தொட்டி. தொட்டி நீளம் குறைவு, ஆழம் அதிகம். முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் கழுத்துவரை வெந்நீர் நிற்கும். நாள் முழுக்க மெஷின் பக்கத்தில் நின்ற கால்களுக்கு அது எத்தனை இதம் என்பதை நின்றவர்கள் அறிவார்கள். கழிப்பறையில் தண்ணீர் பீய்ச்சும் வசதி உண்டு. வெளிநாட்டுப் பயணங்களில் நம்மவர்கள் அதிகம் தவிப்பது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். ஜப்பானில் அந்தக் கவலை இல்லை.

தொழில் பழக்கத்தால் துணிகளைத் தொட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. இரவில் உடுத்திக்கொள்ள, முன்பக்கம் பட்டன் வைத்து முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீளமான சட்டை ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள். எத்தனையோ முறை சலவைக்குப் போய்வந்த துணி. காலர் மடிப்பு வெளுத்திருந்தது. ஆனால் ஒரு பட்டன்கூடத் தளரவில்லை, ஓரத் தையலில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அறையைச் சுத்தம் செய்ய வேண்டாம் என்று சொன்ன நாட்களில், புதிய துண்டுகளை ஒரு பையில் போட்டுக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் சைவர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். காலையில் வைக்கும், சோயா விழுதில் செய்த மிசோ சூப் பார்வைக்குச் சைவமாகத் தெரிந்தாலும் அதன் அடிச்சாறு பெரும்பாலும் மீனிலிருந்து எடுத்தது. உருளைக்கிழங்கு சாலட்டில் பன்றி இறைச்சித் துணுக்குகள் இருந்தன. இதையெல்லாம் எழுதி வைத்திருக்கவில்லை என்பதும், கேட்டால் விளக்கிச் சொல்லும் அளவுக்கு ஆங்கிலம் தெரிந்தவர் காலை நேரத்தில் இல்லை என்பதும் என் உண்மையான மனக்குறை. இரண்டாம் நாள் முதல் நான் சோறும் சர்க்கரை சேர்க்காத தயிரும் எடுத்துக்கொண்டேன். ஊறுகாய்க்கு, உமே என்ற புளிப்புக் காயில் போடும் உமேபோஷி இருந்தது. ஜப்பானின் உமே காய்களில் பாதிக்கு மேல் விளைவது வகயாமா மாநிலத்தில்தான் என்பதால் அந்த ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. உப்பில் ஊறி, வெயிலில் காய்ந்த அந்தச் சுருங்கிய பழத்தைக் கொஞ்சமாகக் கிள்ளித் தயிர்ச் சோற்றோடு வாயில் வைத்தபோது, அம்மா ஜாடியில் போட்டு வைக்கும் உப்பு நார்த்தங்காய் நினைவுக்கு வந்தது. அவர்கள் சோறு குழைந்து ஒட்டும் இயல்புடையது என்பதால் தயிரோடு நன்றாகவே சேர்ந்தது.

வீட்டிலிருந்து சின்ன எலக்ட்ரிக் குக்கர் எடுத்துப்போக நினைப்பவர்கள் அதை விட்டுவிடலாம். அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கர் அதில் ஐந்தில் ஒரு பங்கு சூடுகூடத் தராது. செல்போன், லேப்டாப் சார்ஜர்களுக்குச் சிக்கல் இல்லை; இரண்டு தட்டைப் பின் உள்ள அடாப்டர் மட்டும் போதும். அறையிலேயே வெந்நீர்க் கெட்டில் இருக்கிறது, குழாய்த் தண்ணீரையும் குடிக்கலாம். கீழ்த்தளத்தில் காசு போட்டுத் துவைக்கும் மெஷின் இருந்ததால் மூன்று செட் துணியோடு ஆறு நாளைக் கழித்தோம்.

பதிவு செய்யும்போது புகை பிடிக்காத அறையா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். என் மச்சினனுக்கு முதலில் கிடைத்தது புகைக்கும் அறை. திரைச்சீலையிலேயே வாடை ஏறியிருந்தது. மறுநாள் மாற்றிக் கொடுத்தார்கள். செமி டபுள் என்று போட்டிருக்கும் கட்டிலை நம்பி இருவர் ஒரே அறை எடுக்கவும் வேண்டாம். அகலம் நாலு அடிதான்.

மெஷினுக்கு முன்பணம் கட்டிவிட்டோம். இயக்கப் பயிற்சிக்காக எங்கள் ஆபரேட்டர் தம்பிகள் இருவரைப் பத்து நாள் அனுப்ப வேண்டியிருக்கிறது. அதே ஹோட்டலில், புகை இல்லாத தளத்தில், தெருவைப் பார்த்த அறைகளாக இரண்டு சொல்லி வைத்திருக்கிறேன்.