மோனார்க் வலசை: பார்த்துக் குறிப்பதா, டேக் ஒட்டுவதா?

செப்டம்பரில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மோனார்க் பட்டாம்பூச்சிகள் மெக்சிகோவை நோக்கிக் கிளம்பிவிடும். பார்ப்பதற்குப் பெரிய செலவில்லை, பைனாகுலர் இருந்தால் நல்லது. சாயங்காலம் மரக்கிளைகளில் கூட்டமாக வந்து அடையும். தேதி, இடம், தோராயமான எண்ணிக்கை ஆகியவற்றை ஜர்னி நார்த் திட்டத்துக்கு அனுப்பினால் வலசை எதுவரை வந்திருக்கிறது என்று வரைபடத்தில் தெரியும். ஆனால் இங்கே பார்த்த அதே பூச்சி எங்கே போய்ச் சேர்ந்தது? அதை இப்படிச் சொல்ல முடியாது.

அதற்குத்தான் டேக். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் மோனார்க் வாட்ச் 1992 முதல் இதை நடத்துகிறது. வலையில் பிடித்து, இறக்கைகளை மூடியபடி வைத்துக்கொண்டு, பின்னிறக்கையின் அடிப்பக்கத்தில் குறியீடு அச்சிட்ட சின்ன வட்ட ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். பூச்சியின் எடையே ஏறக்குறைய அரை கிராம்தான். ஸ்டிக்கர் அதற்குப் பாரமில்லை, முரட்டு விரல்கள்தான் ஆபத்து. ஆணா பெண்ணா என்றும் குறிக்க வேண்டும். ஆணின் பின்னிறக்கைகளில் கரும்புள்ளி இருக்கும். மோனார்க் வாட்சுக்கு முன்பே டேக் ஒட்டும் ஆய்வு நடந்திருக்கிறது: 1976இல் மெக்சிகோ மலைக்காட்டில் கனடா விலங்கியலாளர் ஃபிரெட் அர்குஹார்ட் கண்டெடுத்த டேக், அமெரிக்காவின் வடக்கே இருக்கும் மினசோட்டாவில் ஒட்டப்பட்டது! பெரும்பாலான டேக்குகள் திரும்பக் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு, முதல் பருவத்தில் பார்ப்பதே போதும் என்பேன். டேக்தான் வேண்டும் என்றால், சரி, சீசனுக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.